வெயிலில் மலையேறும் முன்: ஈரக்குமிழ் வெப்பநிலை என்றால் என்ன?

கோடைக்காலத்து மாலைச் செய்தியில் ஒரு பட்டியல் தவறாமல் வரும்: இன்று சதமடித்த ஊர்கள். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று வரிசை நீளும். 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அதில் இடம். பாம்பன் பெயர் அந்த வரிசையில் வருவது அபூர்வம். இருபுறமும் கடல் என்பதால் கத்திரி வெயிலிலும் பாம்பன் 34, 35 என்று அடக்கமாகவே இருக்கும். ஆனால் மே மாதம் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ பகல் 12 மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தவரிடம் போய் 'இங்கே வெயில் கம்மிதானே' என்று கேட்டுப் பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், புருவத்திலிருந்து சொட்டுகிற வேர்வை கண்ணைக் கரிக்கும். நல்ல பதில் கிடைக்காது.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கமெல்லாம் வளைகுடாவில் ஆளில்லாத தெரு இல்லை. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போது விடுமுறை நாளில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா, ஹத்தா என்று மலையேறக் கிளம்புகிறார்கள். ஓமனுக்கும் அமீரகத்துக்கும் நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஹஜர் மலைத்தொடர். மரமில்லை, மண் குறைவு, முழுக்கப் பாறை. கோடையில் அடிவாரமே 43 டிகிரியைத் தாண்டும். 'காக்கா (அண்ணே), நம்ம ஊரு புழுக்கத்துலயே வளர்ந்தவன் நான், அங்க வேர்க்கக்கூட இல்ல. இந்த மலை என்னை என்ன செஞ்சிரும்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற ஒரு கருத்து தேவைப்படுகிறது. (நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறிப் பார்க்க மலை ஏது? ராமேசுவரம் கந்தமாதன பர்வதம் பெயரில் மட்டும் பர்வதம். குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஏறிவிடலாம்.)

முதலில் உடம்பின் கணக்கு. உள்ளே 37 டிகிரி, வெயிலில் தோல் ஏறக்குறைய 35 டிகிரி. ஏற்றத்தில் மூட்டையோடு நடக்கும்போது தசைகள் சுமார் 500 வாட் சூட்டை உண்டாக்கும். இந்தச் சூடு வெளியேறியே ஆக வேண்டும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபடும். அது மட்டுமா, காற்றே உடம்பைச் சுட ஆரம்பிக்கும். அப்புறம் மிச்சமிருப்பது வேர்வை ஒன்றுதான்.

இங்கே பலர் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை; வேர்வை காய்வதால் குளிர்கிறது. ஒரு லிட்டர் வேர்வை தோலின் மேலேயே ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மண்பானை செய்வதும் இதே வேலைதான். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பரமக்குடியில் வறண்ட காற்றில் வைத்த பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையைப் பாம்பனில் வைத்தால் அவ்வளவு குளிராது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இன்னும் ஈரத்தை வாங்க அதற்கு மனசில்லை. சரி, பானைத் தண்ணீர் இப்படி ஆவியாகி ஆவியாகி எந்த அளவு வரை குளிர முடியும்? அந்தக் கடைசி எல்லைதான் ஈரக்குமிழ் வெப்பநிலை.

அளப்பதும் எளிது. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழை அப்படியே விட்டுவிட்டு, மற்றதன் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். காய்ந்த குமிழ் காட்டுவது நாம் செய்தியில் கேட்கும் வெயில். ஈரக்குமிழ் காட்டுவது, நனைந்த பொருள் ஒன்று அந்தக் காற்றில் எவ்வளவு குளிர முடியும் என்பது. வேர்த்துக் கொட்டும் மனிதனும் நனைந்த பொருள்தானே. பள்ளி ஆய்வகத்தில் இந்த ஜோடி வெப்பமானியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்போம்.

இப்போது இரண்டு ஊரையும் ஒப்பிடலாம். நம் கடற்கரையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் சுமார் 29 டிகிரி. பாலை மலையில் 43 டிகிரி, ஈரப்பதம் 10 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் சுமார் 20 டிகிரிதான். செய்திக் கணக்கில் மலை ஒன்பது டிகிரி அதிகம். வேர்வைக் கணக்கில் நம் கடற்கரை ஒன்பது டிகிரி அதிகம். 'அங்க வேர்க்கவே இல்ல' என்று சொல்வதன் காரணம் இதுதான். வேர்க்காமல் இல்லை. வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலைவன நாடு என்றாலே வறண்ட காற்று என்று நினைத்துவிடாதீர்கள். துபாய், ராஸ் அல் கைமா கடற்கரைகள் ஜூலை, ஆகஸ்டில் நம் பாம்பனைவிட மோசமாகப் புழுங்கும். உலகிலேயே மிக உயர்ந்த ஈரக்குமிழ் அளவுகள் பதிவாகும் இடங்களில் பாரசீக வளைகுடாக் கரையும் ஒன்று. கடலை விட்டு உள்ளே போய் மலையில் ஏறும்போதுதான் காற்று வறளும். ஒரே நாளில் இரண்டு வகை வெயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் மலைதானே பாதுகாப்பு? ஈரக்குமிழ் 20 என்றால் நிம்மதியாக ஏறலாமே? விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது.

ஈரக்குமிழ் 35 டிகிரியானால், நிழலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் உடம்பிலிருந்து சூடு வெளியேற முடியாது என்று 2010இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஓர் அறைக்குள் லேசான வேலை செய்யவைத்துச் சோதித்தார்கள். ஈரக்காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறியது. அதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று: காற்று வறண்டும் மிகச் சூடாகவும் இருந்தபோது அந்த எல்லை 25 முதல் 28 டிகிரிக்கே இறங்கிவிட்டது. அதுவும் அறைக்குள் லேசான வேலைக்கு; வெயிலில் மூட்டையோடு மலையேறுகிறவருக்கு எல்லை இன்னும் கீழே.

ஏன்? ஈரக்காற்றில் வேர்வை ஏராளமாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளக் காற்றுக்கு இடமில்லை. வறண்ட காற்றில் எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளக் காற்று தயார். அந்த அளவுக்குச் சுரக்க உடம்பால் முடியவில்லை. கடற்கரையில் முட்டுக்கட்டை காற்று. பாலை மலையில் முட்டுக்கட்டை உங்கள் உடம்பிலும் முதுகுப்பையிலும் இருக்கும் தண்ணீர். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், என்ன உடுத்துவது, எவ்வளவு குடிப்பது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் அதிலிருந்தே வரும்.

கடற்கரைக்காரர் மலையில் ஏமாறுவதும் இதனால்தான். நமக்கு உடம்பு எச்சரிக்கை கொடுப்பதே நனைந்த சட்டை மூலமாகத்தான். பிழிகிற அளவுக்கு நனைந்தால் உட்காருவோம், மோர் கேட்போம். ஹஜர் மலையில் சட்டை காய்ந்தே இருக்கும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும், தெரியாது. சட்டையின் முதுகிலும் தொப்பியின் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு வேர்த்திருக்கிறது என்று புரியும். ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். அடர் மஞ்சள் என்றால் தண்ணீர்க் கடன் ஏறிவிட்டது.

தண்ணீர்க் கணக்கு

500 வாட் சூட்டை வெளியேற்ற மட்டும் மணிக்கு முக்கால் லிட்டர் வேர்வை காய வேண்டும். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே சுடுபாறை, சுற்றிலும் 43 டிகிரிக் காற்று என்று மூன்றும் ஏற்றுகிற சூட்டையும் சேர்த்தால் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். ஆறு மணி நேர நடைக்கு ஆறு லிட்டர், அதாவது ஆறு கிலோ. அதைச் சுமப்பதற்கே இன்னும் வேர்க்கும்! மலைமுகட்டில் கிணறு இல்லை, டீக்கடை இல்லை. ஆகவே ஏறும்போதே பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டால் உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

குடிக்கும் விதமும் உண்டு. தாகம் வந்த பிறகு ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வதைவிட, 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்று குடிப்பது நல்லது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். தண்ணீர் கூடினாலும் ஆபத்தா என்று கேட்கலாம். ஆம். ஒரு லிட்டர் வேர்வையோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் கூட இருப்பவர் இன்னும் தண்ணீர் கொடுத்துக் காரியத்தைக் கெடுப்பார்.

உப்பும் கொஞ்சம் இனிப்பும் சேர்ந்திருந்தால் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். சர்க்கரையும் சோடியமும் ஒன்றாகத்தான் குடல்சுவரைத் தாண்டுகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இந்தத் தத்துவத்தில் செய்ததுதான். பையில் இரண்டு மூன்று கிடக்கட்டும், எடையே இல்லை. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரும் சரி. உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் நம் ஊரில் வெயிலுக்குப் போவோர் காலங்காலமாகக் குடிப்பவை, இரண்டுமே நல்லவை. ஆனால் 43 டிகிரியில் மோரை முதுகில் சுமந்து போகாதீர்கள், கெட்டுவிடும். இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. குடிக்கலாம், அதை மட்டுமே நம்ப முடியாது. கூடவே கடலை, ஊறுகாய் ஏதாவது கொறியுங்கள்.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். கடற்கரையில் சட்டையைக் கழற்றினால் சுகம், காற்று படும். தோலைவிடச் சூடான காற்று வீசும் பாலையில் கழற்றினால் அந்தக் காற்றும் வெயிலும் நேராகத் தோலில் இறங்கும், தண்ணீர் இன்னும் வேகமாகப் போகும். தளர்வான முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துண்டு, அகல விளிம்புத் தொப்பி. கட்டடவேலை செய்யும் நம் ஆட்கள் அங்கே தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் தூசிக்காக மட்டும் இல்லை.

முகடு தரும் சிக்கல்

பள்ளத்தாக்கில் நடப்பதற்கும் முகட்டில் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முகட்டில் நிழலே கிடையாது. ராஸ் அல் கைமா பக்கத்து மலைகள் பெரும்பாலும் வெளிறிய சுண்ணாம்புக்கல். வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வரும், அங்கே பாறை உள்ளங்கையைச் சுடும். மெல்லிய கையுறை இருந்தால் நல்லது. காலில் செருப்பு வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம்விட ஆளை வீழ்த்துவது நேரக்கணக்குதான். உயரம் போகப் போகக் காற்று குளிரும், ஆயிரம் மீட்டருக்கு 6 முதல் 10 டிகிரி வரை. ராஸ் அல் கைமா பக்கத்து ஜெபல் ஜைஸ் மலையின் உச்சிப்பகுதி சுமார் 1,900 மீட்டர்; அடிவாரம் கொதிக்கும்போதும் அங்கே காற்று இதமாக வீசும். விடியற்காலையில் கீழிருந்து ஏறுகிறீர்கள், இதம். ஒன்பது மணிக்கு மேலே நிற்கிறீர்கள், இன்னும் இதம். படம் எடுத்து, ரொட்டி சாப்பிட்டு, பத்தரைக்கு இறங்க ஆரம்பிக்கிறீர்கள். ஒவ்வொரு நூறு மீட்டர் இறங்கும்போதும் சூடு கூடுகிறது, கூடவே மணியும் ஏறுகிறது. கால் தளர்ந்து, பாட்டில் காலியாகி, பகல் ஒரு மணிக்கு வறண்ட ஓடைப் பள்ளத்தில் வந்து நிற்கும்போது அன்றைய முழு வெயிலும் அங்கேதான் காத்திருக்கும். ஏறுவது கடினம், இறங்குவது சுலபம் என்ற நம் நினைப்பு இங்கே தலைகீழாகிவிடுகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்கின் உட்பகுதியில் நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கவே தடை. சம்பளம் கொடுத்தும் செய்யச் சொல்லாத வேலையை விடுமுறை நாளில் நாமாகப் போய்ச் செய்வானேன்?

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களும் பதநீர் இறக்கப் பனையேறுகிறவர்களும் வெயிலை வீரத்தால் வெல்வதில்லை. விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் கையை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என் கருத்தைக் கேட்டால், ஹஜர் மலைக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். கோடையில்தான் போவேன் என்றால் சின்னப் பாதையாக எடுத்து, அடிவாரத்துக்கு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

'வெயிலுக்குப் பழகிய உடம்பு' என்பது பாதி உண்மை. தொடர்ந்து ஒன்று, இரண்டு வாரம் வெயிலில் உழைத்தால் உடம்பு மாறும்: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறையும். ஆனால் இது வைப்புத்தொகை மாதிரி கிடக்காது. வெயிலை விட்டு விலகி ஒரு வாரத்தில் கரைய ஆரம்பித்து, ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். சிறுவயதில் சேதுக்கரை மணலில் பந்து விளையாடியவர், இரண்டு வருடமாக ஏசி அலுவலகம், ஏசி கார், ஏசி அறை என்று இருந்தால், வெயிலைப் பொறுத்தவரை அவர் வெளியூர்க்காரர்தான். முதல் நாள் அரைமணி நேரம், மறுநாள் கொஞ்சம் கூட என்று பழக்குங்கள். ஊருக்கு வந்திருக்கும்போது பழக வேண்டுமானால் அரிச்சல்முனைப் பக்கம் மணலில் காலையில் நடக்கலாம். அங்கும் நிழல் கிடையாது. கச்சான் காற்று வீசும் நாளில் சுகமாகத் தெரியும். காற்று நின்ற நாளில் பாதித் தூரத்தோடு திரும்பிவிடுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

களைப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, உப்புச் சேர்ந்த பானம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். அத்தோடு அன்றைய ஏற்றம் முடிந்தது. பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 'வேர்வை நின்றிருந்தால்தான் வெப்பவாதம்' என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வருகிற வெப்பவாதத்தில் ஆள் வேர்த்துக்கொண்டேகூட இருக்கலாம். பாரசிட்டமால் உதவாது, இது காய்ச்சல் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

குளிர்விப்பதுதான் முதல் வேலை, வண்டியில் ஏற்றுவது அதற்கு அப்புறம். இங்கேயும் ஈரக்குமிழ் கணக்கு கைகொடுக்கும். பாலை மலையில் காற்று வறண்டது. ஆகவே இருக்கிற தண்ணீரை உடம்பிலும் சட்டையிலும் தெளித்து, துண்டாலோ அட்டையாலோ விடாமல் விசிறினால் வேகமாகச் சூடு இறங்கும். கொஞ்சம் தண்ணீரே போதும். நம் கடற்கரையில் அப்படி விசிறி அவ்வளவு பலன் வராது, காற்று ஈரத்தை வாங்காது. இங்கே ஆளைத் தண்ணீருக்குள்ளேயே இறக்க வேண்டும்: வீட்டுத் தொட்டி, இல்லையென்றால் கிணற்றடியில் உட்காரவைத்து வாளி வாளியாகக் குளிர்ந்த நீர். மீன் இறங்குதளம் பக்கத்தில் இருந்தால் ஐஸ் கிடைக்கும். நொறுக்கித் தண்ணீரில் போட்டு, தலை மட்டும் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் குளிர்விக்கும்போதே இன்னொருவர் போன் போட வேண்டும். நம் ஊரில் 108. அமீரகத்தில் ஆம்புலன்சுக்கு 998, காவல்துறைக்கு 999. ஓமனில் 9999. மலைக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குள் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே அறையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.